எது அசல் ஒலித்தடம்? ‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ இசைத்தட்டுகள் பற்றி

1939 ஆகஸ்டில் திரைக்கு வந்த ‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் பாடல்களை வீட்டில் கேட்க ஆசைப்பட்டவர்களுக்கு, அடுத்த அறுபது ஆண்டுகளுக்குள் மூன்று வெவ்வேறு தொகுப்புகள் கிடைத்தன. 1940இல் டெக்கா நிறுவனம் நான்கு தட்டுகளைக் கொண்ட ஆல்பம் ஒன்றை வெளியிட்டது. 1956இல் எம்.ஜி.எம். ரெக்கார்ட்ஸ் ஒரு நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. 1995இல் ரைனோ நிறுவனம் இரண்டு சி.டி.க்களாக ஒரு பெருந்தொகுப்பைத் தந்தது. மூன்றின் உறையிலும் அதே படத்தின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் மூன்றிலும் ஒலிப்பது ஒன்றல்ல. முதல் தட்டில் இருப்பது படத்துக்காகப் பதிவானதே அல்ல. இரண்டாவதில் பாட்டோடு பாதிக்குப் பாதி பேச்சும் காற்றொலியும் கலந்திருக்கின்றன. மூன்றாவதில் படத்தில் யாருமே கேட்டிராத பல பதிவுகள் உள்ளன. இவற்றுள் அந்தப் படத்தின் அசல் ஒலித்தடம் எது?

சேகரிப்பாளர்களும் இசை வரலாற்றாளர்களும் இதற்குச் சொல்லிவந்த பதில்கள் பெரும்பாலும் மூன்று நிலைப்பாடுகளில் அடங்கும். நட்சத்திரத்தின் குரல் இருக்கும் முதல் தட்டே அசல் என்பது ஒன்று. திரையரங்கில் காதில் விழுந்ததே அசல் என்பது இன்னொன்று. படத்துக்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது அனைத்தும், பயன்பட்டதும் படாததும் சேர்ந்து, அசல் என்பது மூன்றாவது. இவற்றை ஏணிப்படிகளாக அடுக்குவதுதான் வழக்கம்: டெக்கா தட்டு போலி, எம்.ஜி.எம். தட்டு குறைபட்டது, ரைனோ தொகுப்பு முழுமையானது. இந்த ஏணிக் கணக்கு எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. ஒவ்வொரு தொகுப்பும் தன் காலத்துக் கேட்பவரிடம் எது இல்லையோ அதைக் கொடுக்க உருவானது. 1940இன் இல்லாமை வேறு, 1956இன் இல்லாமை வேறு. 1995இல் நிலைமை முற்றிலும் மாறிவிட்டிருந்தது. ஒன்றின் அளவுகோலை எடுத்து மற்றொன்றை அளந்தால் தவறான தீர்ப்பே கிடைக்கும்.

எட்டுப் பக்கங்கள், ஒரே ஒரு நட்சத்திரம்

‘ஆல்பம்’ என்ற சொல் அன்று உண்மையிலேயே ஒரு புத்தகத்தைக் குறித்தது. தடித்த அட்டை, அதற்குள் தாள்களுக்குப் பதிலாகக் காகித உறைகள், ஒவ்வோர் உறையிலும் கீழே விழுந்தால் நொறுங்கிவிடும் ஓர் அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஒலி அடங்கும். டெக்காவின் ஆல்பத்தில் நான்கு தட்டுகள், அதாவது எட்டுப் பக்கங்கள். அவற்றில் இரண்டு பக்கங்களில் மட்டுமே படத்தின் நாயகி ஜூடி கார்லண்டின் குரல் ஒலிக்கிறது. அந்த இரண்டும் 1939 ஜூலை 28 அன்று விக்டர் யங்கின் வாத்தியக் குழுவோடு பதிவாகி, அந்தச் செப்டம்பரிலேயே தனித்தட்டாக விற்பனைக்கு வந்தவை. மற்றப் பக்கங்களைப் பாடியவர்கள் கென் டார்பி பாடகர்கள். சோளக்கொல்லைப் பொம்மையாக நடித்த ரே போல்ஜர், தகர மனிதனாக வந்த ஜாக் ஹேலி, கோழைச் சிங்கமான பெர்ட் லார் ஆகிய மூவரின் குரலும் அதில் இல்லை.

இந்தத் தட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தனித்தட்டின் மறுபக்கத்தில் இருந்த ‘தி ஜிட்டர்பக்’ பாடல். காட்டுவழியில் ஒரு பூச்சி வந்து எல்லோரையும் ஆட வைக்கும் காட்சிக்காக ஹெரால்ட் ஆர்லன் இசையில் ஈ.ஒய். ஹார்பர்க் எழுதியது அது. ஏறத்தாழ ஐந்து வாரம், சுமார் 80,000 டாலர் செலவழித்துப் படமாக்கிய பிறகு, முன்னோட்டக் காட்சிகளை அடுத்து அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்கள். ஒரு சின்னப் பூச்சியை முன்னால் அனுப்பியிருக்கிறேன் என்று சூனியக்காரி சொல்லும் வசனம் மட்டும் படத்தில் தங்கிவிட்டது. அந்தப் பூச்சி வரவே இல்லை. ஆக, தட்டு வாங்கியவர் திரையில் இல்லாத ஒரு பாட்டைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார். இரண்டாவது, முன்பக்கத்தில் இருந்த ‘ஓவர் த ரெயின்போ’. படத்தில் நாம் கேட்பதை கார்லண்ட் 1938 அக்டோபர் 7 அன்று, படத்தைத் தயாரித்த எம்.ஜி.எம். நிறுவனத்தின் கூடத்தில் பாடியபோது அவருக்கு வயது 16. டெக்காவுக்குப் பாடும்போது 17. படத்தில் அத்தை விரட்டிவிட்ட பெண் டோரத்தி தன் நாய்க்குட்டியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள், பேச்சு அப்படியே பாட்டாகிவிடுகிறது. தட்டில் அந்தப் பேச்சும் இல்லை, வைக்கோலும் முற்றமும் இல்லை. கதையின் துணையின்றிப் பாட்டு தன் காலிலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

இதனால் டெக்கா பதிவைப் போலி என்று ஒதுக்குபவர்கள், அன்றைய கேட்பவர் எதை எதிர்பார்த்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1939இல் ஒரு படப்பாட்டு ஊரெங்கும் பரவியது ஒலித்தடத்தால் அல்ல. அச்சிட்ட இசைத்தாள்கள், வானொலி, நடனக் குழுக்களின் தட்டுகள் ஆகியவையே அதைப் பரப்பின. படம் வருவதற்கு முன்பே, ஜூன் 29 அன்று, அதன் பாடல்கள் வானொலியில் ஒலித்தன. ‘ஓவர் த ரெயின்போ’வை கிளென் மில்லரின் குழுவும் தட்டாக வெளியிட்டு வெற்றி கண்டது. பாட்டு என்பது பலரும் பாடக்கூடிய ஒரு பொதுச்சொத்தாக இருந்த காலம் அது. அந்தச் சூழலில் படத்தின் நாயகியே பாடிய தட்டு கிடைப்பது பெரிய விஷயம். பிற்கால அங்கீகாரங்களும் இதை ஒட்டியே அமைந்தன: 1981இல் கிராமி புகழ்மன்றத்தில் இடம்பெற்ற கார்லண்டின் ‘ஓவர் த ரெயின்போ’, டெக்காவின் 1939 பதிவு. படத்தின் பதிவல்ல. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 2016 பட்டியலில் சேர்ந்ததும் 1939இன் தனித்தட்டாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. கென் டார்பி பாடகர்களைக்கூட முற்றிலும் அந்நியர் என்று சொல்ல முடியாது. படத்தின் குரலிசை அமைப்பைச் செய்தவர் அதே டார்பிதான். சிற்றூர்வாசிகளான மன்ச்கின்களின் கீச்சுக்குரலைப் பெற, பாடகர்களை மெதுவாகப் பாட வைத்துப் பதிந்து, பிறகு வேகமாக ஓட்டிய முறையிலும் அவருடைய பங்கு உண்டு.

தொழில்நுட்பமா, உரிமையா?

படத்தின் ஒலியை அப்படியே தட்டுக்கு மாற்ற அன்று வசதி இல்லை, அதனால்தான் மறுபடியும் பாட வைத்தார்கள் என்று ஒரு விளக்கம் அடிக்கடி சொல்லப்படுகிறது. இது நிற்காது. 1938 ஜனவரியிலேயே விக்டர் நிறுவனம் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ பாடல்களைப் படத்தின் ஒலியிலிருந்தே எடுத்து 78 சுழற்சித் தட்டுகளாக வெளியிட்டுவிட்டது. வழி தெரிந்தே இருந்தது. ‘ஆஸ்’ விஷயத்தில் தடையாக இருந்தது, யாருக்கு எது சொந்தம் என்பதுதான் என்று கருத இடமிருக்கிறது. எம்.ஜி.எம்.முக்கு 1946 வரை சொந்தத் தட்டு நிறுவனம் கிடையாது. திரையில் கார்லண்ட் எம்.ஜி.எம்.மின் நடிகை, தட்டில் டெக்காவின் பாடகி. ஒரே குரல் இரண்டு ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பட்டிருந்தது. ஜாக் கேப் தலைமையில் இயங்கிய டெக்காவும் பிரபலமான பாடல்களைத் தன் கலைஞர்களைக் கொண்டு தன் கூடத்தில் பதிந்து விற்பதில் தேர்ந்த நிறுவனம். 1940இல் வந்த ‘பினோக்கியோ’ இதற்கு நல்ல சான்று. படத்தின் ஒலியை விக்டர் வெளியிட்டது. டெக்காவோ கிளிஃப் எட்வர்ட்ஸ், கென் டார்பி, விக்டர் யங் ஆகியோரை வைத்துப் புதிதாகப் பதிந்த இன்னொரு ஆல்பத்தைக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் நெடுந்தட்டுகள் வந்தபோது டெக்கா இந்த ‘பினோக்கியோ’வையும் தன் ‘ஆஸ்’ஐயும் ஒரே தட்டின் இரு பக்கங்களாகச் சேர்த்து விற்றது.

கேட்பவரின் எதிர்பார்ப்பு மாறத் தொடங்கியது 1943க்குப் பிறகு. ‘ஓக்லஹோமா!’ நாடகத்தை அதே நடிகர்கள், அதே வாத்தியக் குழுவோடு டெக்கா பதிந்து வெளியிட்டது பெருவெற்றி பெற்றது. மேடையில் கேட்டதே வேண்டும் என்று சொல்ல மக்கள் பழகிக்கொண்டார்கள். எம்.ஜி.எம். ரெக்கார்ட்ஸ் தொடங்கியதும் ‘டில் த கிளவுட்ஸ் ரோல் பை’ படத்தின் பாடல்களை நேரடியாகப் படத்தின் ஒலியிலிருந்தே வெளியிட்டது. நடிகர்கள் நடித்த படமொன்றின் முதல் ஒலித்தட ஆல்பம் என்று பலரும் அதைத்தான் குறிக்கிறார்கள். ஆனால் ‘ஆஸ்’ அப்போது பழைய படமாகிவிட்டது. 1949இலும் 1955இலும் அது மறுபடி திரையரங்குகளுக்கு வந்தும் எம்.ஜி.எம். அதன் பாடல்களைத் தட்டாக்கவில்லை.

பேச்சோடு வந்த தட்டு

1956 நவம்பர் 3 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சி ‘ஆஸ்’ படத்தை முதன்முறையாக ஒளிபரப்பியது. சுமார் 4.5 கோடிப் பேர் பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. அதே ஆண்டில் எம்.ஜி.எம். நெடுந்தட்டு கடைக்கு வந்தது. படத்தின் உண்மையான ஒலி தட்டில் வந்தது இதுவே முதல்முறை. 101 நிமிடப் படத்தை ஒரே தட்டின் இரண்டு பக்கங்களுக்குள் அடக்கியிருந்தார்கள். பாட்டுகள் மட்டுமல்ல, சூறாவளியின் இரைச்சல், சூனியக்காரி மார்கரெட் ஹாமில்டனின் சிரிப்பு, நண்பர்களின் உரையாடல் என்று கதை முழுவதையும் காதால் தொடரும்படி வெட்டி ஒட்டிய தொகுப்பு அது. நாம் ஒலிச்சித்திரம் என்று சொல்கிறோமே, அந்த வகை.

இசை ஆர்வலர்கள் இந்தத் தட்டைப் பொதுவாக மதிப்பதில்லை. அவர்கள் சொல்லும் குறைகள் உண்மையானவைதான். படத்தின் பின்னணி இசைக்காக ஆஸ்கர் வாங்கிய ஹெர்பர்ட் ஸ்டோதார்ட்டின் வேலை, வசனத்தின் அடியில் மங்கலாகத்தான் கேட்கிறது. இடையிடையே காட்சிகள் விடுபட்டதால் இசையின் ஓட்டம் அறுபடுகிறது. பிற்கால மறுபதிப்புகளில் ஒற்றைத் தட ஒலியை மின்னணு வழியில் இரண்டாகப் பிரித்து ஸ்டீரியோ என்று தந்தது இன்னும் மோசம். ஆனாலும் மூன்று தொகுப்புகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது இதுவே என்பேன். 1957இல் ஒரு குழந்தை இந்தப் படத்தை மறுபடி பார்க்க நினைத்தால் வழி என்ன? தொலைக்காட்சியில் அடுத்த ஒளிபரப்பு 1959இல்தான், அதன் பிறகே ஆண்டுதோறும் என்றானது. வீட்டில் போட்டுப் பார்க்க வீடியோ கேசட் 1980இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் படத்தை நினைத்தபோது திரும்ப வரவழைக்க வீட்டில் இருந்த கருவி இந்தத் தட்டு ஒன்றுதான். அந்தக் குழந்தைக்கு வேண்டியிருந்தது ஸ்டோதார்ட்டின் வயலின் வரிகள் அல்ல, படம். பேச்சு இல்லாமல் படம் எப்படி வரும்?

சொல்லின் பொருளை வைத்துப் பார்த்தாலும் இந்தத் தட்டுக்கு ஒரு வலுவான உரிமை இருக்கிறது. ஒலித்தடம் என்பது படச்சுருளின் ஓரத்தில் ஓடும் ஒரு மெல்லிய ஒளிப்பட்டை. அதில் பாட்டு தனி, பேச்சு தனி, காற்று தனி என்று பிரிவு கிடையாது. எல்லாம் ஒன்றாகக் கலந்தே பதிந்திருக்கும். அந்தக் கலவையிலிருந்து தட்டுக்கு வந்தது 1956 தொகுப்பு மட்டுமே. டெக்காவுடையது பாடல் தொகுப்பு. ரைனோவுடையது, பெரும்பகுதி, கலவைக்கு முந்தைய இசைப்பதிவு. ‘அசல் ஒலித்தடம்’ என்ற பெயரைச் சொல்லுக்குச் சொல் நெருங்குவது, எல்லோரும் குறைபட்டது என்று தள்ளும் இந்தத் தட்டுதான். வெட்டி ஒட்டியதால் முழுமையாகத் தகுதி பெறவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1989இல், படத்தின் ஐம்பதாம் ஆண்டில், இதே தொகுப்பு சி.டி.யாக மறுபடி வந்தபோதுதான் பலருக்கு ஏமாற்றமாக இருந்தது. தொகுப்பு மாறவில்லை, வீடுதான் மாறியிருந்தது. அலமாரியில் வீடியோ கேசட் இருக்கும்போது அரைகுறை வசனத்தைக் கேட்க யாருக்கும் தேவை இல்லை. இப்போது இல்லாதது வேறு: பேச்சு கலக்காத இசை.

பெட்டகத்திலிருந்து

அதைத் தரும் வாய்ப்பு எம்.ஜி.எம்.மின் பழைய பதிவுமுறையிலேயே ஒளிந்திருந்தது. இசைக்குழுவைப் பதியும்போது அந்த நிறுவனம் பல ஒலிவாங்கிகளை வெவ்வேறு இடங்களில் வைத்து, ஒவ்வொன்றின் ஒலியையும் தனித்தனிப் படச்சுருளில் பதிந்துவந்தது. சமநிலையைப் பிறகு சரிசெய்துகொள்வதே அன்றைய நோக்கம். ஸ்டீரியோ யாருடைய மனத்திலும் இல்லை. 1986இல் டெட் டர்னர் எம்.ஜி.எம்.மின் பழைய படங்களை வாங்கியபோது இந்தச் சொத்தும் கைமாறியது. அதிலிருந்து பிறந்ததுதான் 1995இன் ரைனோ தொகுப்பு.

அதில் முதன்முறையாக விரிவாகக் கேட்கக் கிடைத்தவற்றில் முக்கியமானது பட்டி எப்சனின் குரல். தகர மனிதனாக முதலில் நடித்தவர் அவர். முகத்தில் பூசிய அலுமினியத் தூள் நுரையீரலுக்குள் போய் 1938இல் மருத்துவமனையில் கிடந்தார். அவர் இடத்துக்கு ஜாக் ஹேலி வந்தார். ஆனால் நண்பர்கள் மாயக்காரனைத் தேடிக் கூட்டமாகப் பாடிக்கொண்டு போகும் இடங்களில் எப்சனின் குரல் படத்திலேயே தங்கிவிட்டது. திரையில் ஹேலி நடக்கிறார், காதில் எப்சன் பாடுகிறார். ஹேலி தனியே பாடும் பாட்டுக்குள் ஜூலியட் போல ஒலிக்கும் ஒற்றைப் பெண்குரலோ ‘ஸ்னோ ஒயிட்’டுக்குக் குரல் கொடுத்த அட்ரியானா கேஸலாட்டியுடையது. இவை தவிர, கோட்டையில் அடைபட்ட டோரத்தி அழுதுகொண்டே மறுபடி பாடும் ‘ஓவர் த ரெயின்போ’, சூனியக்காரி செத்த பிறகு மரகத நகரம் கொண்டாடும் ஊர்வலப் பாட்டு, போல்ஜரின் நீண்ட ஆட்டத்துக்கான இசை என்று படத்திலிருந்து நீக்கப்பட்ட பலவும் இதில் உண்டு.

இதன் மதிப்பைக் கூட்டும் இன்னொரு காரணம் ஓர் இழப்பு. எம்.ஜி.எம்.மின் வாத்தியக் குழுவுக்கென எழுதப்பட்ட முழு இசைப்பிரதிகளை, இடம் அடைக்கிறது என்று 1960களின் இறுதியில் குப்பை நிரப்பும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிற்காலத்தில் அவற்றை மறுபடி வாசிக்க விரும்பியவர்கள் படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியமாகக் காதால் பிரித்து எழுத வேண்டியிருந்தது. காகிதம் போன பிறகு, பேச்சு கலக்காத இசைப்பதிவுதான் அந்த இசையமைப்புக்கு எஞ்சிய முழுச் சான்று.

இரண்டு எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் இரண்டு வலுவானவை. முதலாவது, இல்லாமையை நிரப்புவது என்பதெல்லாம் பின்னாளில் கற்பிக்கும் அழகு, நடந்தது வெறும் வியாபாரம் என்பது. தொலைக்காட்சி ஒளிபரப்பு வந்தது, தட்டு வந்தது. ஐம்பதாம் ஆண்டு வந்தது, சி.டி. வந்தது. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வியாபாரம் ஒரு தட்டு எப்போது வந்தது என்பதை விளக்குமே தவிர, ஏன் அந்த வடிவில் வந்தது என்பதை விளக்காது. எம்.ஜி.எம். தன் மற்ற இசைப்படங்களைப் பாடல்களாக மட்டுமே தட்டாக்கி வந்தது. 1952இன் ‘சிங்கின் இன் த ரெயின்’ அப்படித்தான் வந்தது. ‘ஆஸ்’க்கு மட்டும் பேச்சைச் சேர்த்தார்கள் என்றால் கேட்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. முடிந்த படத்தின் கலந்த ஒலியைப் பயன்படுத்துவது பழைய தனிப்பதிவுகளைத் தேடி எடுப்பதைவிட எளிதாக இருந்திருக்கலாம் என்பதும் சாத்தியமே. இரண்டு காரணங்களும் சேர்ந்தே இயங்கியிருக்கக்கூடும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் ஆழமானது. ஒவ்வொன்றும் அதன் காலத்துக்குச் சரி என்றால் எதையுமே குறை சொல்ல முடியாதே? முடியும். ஒவ்வொரு தொகுப்பையும் அது தானே ஏற்ற வேலையை வைத்து அளக்கலாம். படத்தை நினைவில் எழுப்பும் வேலையை 1956 தட்டு நன்றாகவே செய்தது, அதன் போலி ஸ்டீரியோ மறுபதிப்பு அந்த வேலைக்கு எதையும் சேர்க்கவில்லை. டெக்காவின் இரண்டு கார்லண்ட் பக்கங்கள் இன்றும் நிற்கின்றன, மற்ற ஆறும் அவ்வளவாக நிற்கவில்லை. ரைனோ தொகுப்பு ஆவணமாகச் சிறந்தது. ஆனால் நீக்கியவற்றை உரிய இடத்தில் வரிசையாக வைத்துக் கேட்கும்போது, 1939இல் எந்தத் திரையரங்கிலும் ஓடாத ஒரு படத்தைத்தான் நாம் கேட்கிறோம். அதை முழுமை என்று சொல்வதைவிடப் பட்டறையின் பதிவு என்று சொல்வது பொருத்தம்.

முடிவாகாதவை

சில கேள்விகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. பல ஒலிவாங்கிகளின் பதிவை ஸ்டீரியோவாக்குவது மீட்பா, புதிய படைப்பா என்பதில் ஒத்த கருத்து இல்லை. அந்த வாத்தியங்கள் கூடத்தில் அப்படித்தான் பரவி ஒலித்தன என்பது ஒரு பக்கம். அதை அப்படிக் கேட்டவர் அந்தக் கூடத்தில் இருந்தவர் மட்டுமே என்பது மறுபக்கம். ‘ஓவர் த ரெயின்போ’வின் இரண்டு பதிவுகளில் வரலாறு எதை முதலில் வைக்க வேண்டும் என்பதும் தீரவில்லை. முன்னதாகப் பாடியது படத்துக்கு, வீடுகளுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது தட்டு.

இவற்றைவிடச் சிக்கலானது ‘தி ஜிட்டர்பக்’. படமாக்கிய காட்சி தொலைந்துவிட்டது. நடிகர்கள் பாடிய ஒலி கிடைத்திருக்கிறது. அந்தக் காட்சி தயாரானபோது இசையமைப்பாளர் ஆர்லன் தன் சிறு கேமராவில் எடுத்த ஒலியில்லாத வண்ணச்சுருளும் கிடைத்திருக்கிறது. அதில் காட்டு மரங்களுக்கு நடுவே நான்கு நண்பர்களும் ஆடுகிறார்கள், கேமரா ஓரத்திலிருந்து ஆடிக்கொண்டே அவர்களைப் பார்க்கிறது. பிற்காலத்தில் இரண்டையும் பொருத்திக் காட்டினார்கள். உதடுகள் முழுவதும் ஒத்துப்போவதில்லை, அந்தக் கோணம் படத்துக்காக வைத்த கோணமும் அல்ல. படமே இல்லாத அந்த ஒலியை எந்தத் தொகுப்பில் எந்தப் பெயரில் சேர்ப்பது என்பதற்கு மேலே சொன்ன மூன்று நிலைப்பாடுகளில் எதனிடமும் இன்றுவரை பதில் இல்லை.